சகனுக்கு ஒரு ஆள் குறையுது

உயிரைத் தந்து, தந்த உயிரை உரிய நேரத்தில் திரும்ப அழைத்துக்கொள்ளும் இறைவனின் பெயரால் தொடங்குகிறேன்.

பிறந்த நாள், நினைவு நாள் என்று எதற்கும் மலர் அச்சிடும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அத்தாவின் முதலாம் ஆண்டு துஆப் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் கையில் படிக்க ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், இராமநாதபுரம் டயாலிசிஸ் வார்டில் அத்தாவுக்குப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள். “ஒங்க அத்தா பேசுனதுல பாதியையாவது எழுதிக் குடும்மா” என்றார்கள். பாதியை எழுதினாலே புத்தகம் தடித்துவிடும். அதனால் கால்வாசியோடு நிறுத்திக்கொள்கிறேன். மூத்த மகள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது, ஏனென்றால் இதை முதலில் படிக்கப்போவது அம்மா.

அத்தா அவர்கள் தொண்டியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஓட்டு வீட்டில் பிறந்தார்கள். அத்தாவின் தகப்பனார் தோணியில் சரக்கேற்றி வியாபாரம் செய்தவர்கள். அத்தா தலையெடுத்தபோது தோணியும் இல்லை, வியாபாரமும் இல்லை. தெருவில் எல்லாரும் செய்ததையே செய்தார்கள். பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கே லாரி ஓட்டினார்கள். தண்ணீர் குடித்தால் வண்டியை அடிக்கடி நிறுத்த வேண்டிவரும் என்று வெயிலில் நாக்கு வறள ஓட்டிய வருடங்கள் அவை. கம்பெனி டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை அத்தா தலைவலி மாத்திரை என்று நினைத்து, தலை வலித்த அன்றைக்கு மட்டும் போட்டுக்கொண்டார்கள். இதை எங்களிடம் ஒரு சாமர்த்தியம் போலச் சொல்வார்கள். சிறுநீரகம் இரண்டும் அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் பலியாயின.

ஊருக்குத் திரும்பிய அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்தார்கள். குடம், வாளி, டப்பா, பிரஷ். கடையில் அத்தா உட்கார்ந்திருந்ததைவிட ஊர்க் கல்யாணங்களில் நின்றதுதான் அதிகம். இந்த மலரை வாங்கும் பிற சமயத்து நண்பர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குப் பெயர் சகன். நாலு பேர் சேராத சகனில் கறி வைக்க மாட்டார்கள். ஆகவே பந்தியில் ஆள் சேர்த்துவிட ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் அந்த வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்கள் அத்தா.

“இங்கன சகனுக்கு ஒரு ஆள் குறையுது! யாருப்பா தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது? வாங்க, கை கழுவிட்டு ஒக்காருங்க!”

மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும். யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதில் அத்தாவுக்கு ஒரு குறும்பு உண்டு. ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டர் போட வந்தவரைப் பிடித்துக் கொண்டுபோய், ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடைக்காரரின் சகனில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் கொஞ்சம் நெளிந்தார். “என்ன மச்சான் நெளியிறீக? இவரு இல்லாட்டி நீங்க இருட்டுலல்ல கறியைத் தேடணும்” என்றார்கள் அத்தா. சகன் காலியாவதற்குள் அந்த இருவரும் வோல்டேஜ் பற்றி ஒன்றாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அத்தாவின் கால் வீங்கியது, முகமும் உப்பியது. ‘ஊர்ச் சோறு ஒட்டுகிறது’ என்று அம்மா முதலில் சந்தோஷப்பட்டதாக ஒரு பேச்சு உண்டு. அம்மா அதை மறுக்கிறார்கள். மதுரையில் பரிசோதித்தபோது சிறுநீரகம் வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை இராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொள்வது அத்தாவின் புது உத்தியோகமாயிற்று. துணைக்குப் போனது பெரும்பாலும் நான்தான்.

டயாலிசிஸுக்காக இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வரும் குழாயையும், திரும்பப் போகும் நரம்பையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் நரம்பு கயிறு போலத் தடித்து, ஊசி குத்தத் தோதாகிவிடும். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே உறுமுவது தெரியும். உறுமினால் வழி திறந்திருக்கிறது. அடங்கிவிட்டால் அடைத்துக்கொண்டது என்று பொருள். அத்தா அதற்கு மோட்டார் என்று பெயர் வைத்தார்கள். காலையில் எழுந்ததும் கையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “மோட்டார் ஓடுது, டீயைப் போடு” என்பார்கள். டீ அரைக் கிளாஸ்தான் அனுமதி. மிச்ச அரைக் கிளாஸுக்காக அம்மாவோடு நடக்கும் வழக்கு அன்றாடம் உண்டு. அத்தா ஒருநாளும் ஜெயித்ததில்லை.

ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து, பிரஷர் இறங்கி, இடது கை மோட்டார் நின்றுபோயிற்று. அடுத்ததை வலது முழங்கைக்கு மேலே வைத்தார்கள். வலது கை சோற்றுக் கை. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அதே சமயத்தில் தோலும் கெட்டது. உடம்பு வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தது; நிறம் கறுத்தது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பில்லை. முதுகுக்கு ஸ்கேல், தோளுக்குச் சீப்பு, எட்டாத இடத்துக்குக் கடையில் விற்கும் பாட்டில் பிரஷ். “நம்ம கடைச் சாமான் எம்புட்டுத் தரம்னு இப்பத்தான் தெரியுது” என்றார்கள். சொறிந்த இடமெல்லாம் புண்ணாகி, ஆறி, கறுப்பு முடிச்சுகளாக நின்றன.

டயாலிசிஸ் சிஸ்டர் ஒருவர் அத்தாவைப் பிடித்து உலுக்கிவிட்டார். கமுதிப் பக்கத்துப் பெண். வாயும் அந்த ஊர் மிளகாய் போலத்தான். “கிட்னி போனா ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறும், ஏறுனா அரிக்கும். மாத்திரையைச் சாப்பாட்டோட சேத்துப் போடச் சொன்னா, நீங்க ஞாவகம் வந்தப்ப போடுறீங்க. வெந்நியில குளிக்காதீங்க. சோப்பைக் குறைங்க. ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தேய்ங்க. கருவாட்டைக் கண்ணுல காட்டாதீங்க.” தொண்டிக்காரரிடம் போய்க் கருவாட்டைக் கண்ணில் காட்டாதே என்றால்! ஆனாலும் அந்தச் சிஸ்டர் கடைசியாகச் சொன்னதை நாங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டோம்: “இது யாருக்கும் ஒட்டாது.”

நாங்கள் மனப்பாடம் செய்து என்ன பயன்? ஊருக்கு யார் சொல்வது?

இதற்கிடையில் அத்தா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகை வந்தால், “டாக்டரு பத்தியம் சொல்லிருக்காரு” என்று வாசலிலேயே முடித்துவிடுவார்கள். பத்தியம் உண்மைதான் என்பதால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. காரணத்தை வெகுநாள் கழித்துத் தம்பி சொன்னான். ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் அவன் சோறு பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறான். அத்தா ஒரு சகனில் உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கியதும், எதிரில் இருந்த பையன் போன் வந்ததுபோல எழுந்து போனான். போன் அடிக்கவே இல்லை என்றான் தம்பி. பக்கத்தில் இருந்தவர் கை கழுவ மறந்ததாகச் சொல்லிப் போனார், அவரும் வரவில்லை; நாலாவது இடத்துக்கும் யாரும் வரவில்லை. ஊர் முழுக்க சகனுக்கு ஆள் சேர்த்த அத்தா, ஆளில்லாத சகன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்களாம். போனவர்கள் மீது எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போதும் முழுதாகத் தீரவில்லை.

அப்படியிருக்கையில்தான் என் தங்கைக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். சம்பந்தி மாமா அறுவடை மிஷினும் டிராக்டரும் வாடகைக்கு விடுகிறவர்கள். அத்தாவுக்கு டயாலிசிஸ் நடப்பது அவர்களுக்குத் தெரியும். கையையும் தோலையும் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் அத்தாவும் மாப்பிள்ளையின் அத்தாவும் ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உட்காராவிட்டால் சம்பந்தியை மதிக்கவில்லை என்று ஆகும். உட்கார்ந்த பிறகு சம்பந்தி எழுந்துவிட்டால், அதற்கு மேல் அந்தச் சொந்தத்தில் என்ன மிச்சமிருக்கும்? தங்கை போய் வாழப்போவது அந்த வீட்டில்.

“நான் நின்டு பந்தியை விசாரிக்கிறேன். எனக்குப் பதிலா யாராவது உக்காருங்க” என்றார்கள் அத்தா.

“பொண்ணோட அத்தா நின்டுக்கிட்டே இருந்தா அவுக என்ன நெனப்பாக?” என்றார்கள் அம்மா.

நான், சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே விவரத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அத்தா ஒரே பேச்சில் மறுத்தார்கள். “சொல்லி வச்சு உக்கார வச்சா, அது மரியாதைக்கு உக்கார்றது. எனக்கு அந்தச் சோறு எறங்காதும்மா.”

தங்கைதான் முடித்துவைத்தாள். “நீங்க சகன்ல உக்காரலன்னா நான் நிக்காஹுல கையெழுத்துப் போட மாட்டேன்” என்று அழுதாள். அவள் போட்டிருப்பாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அத்தா இறங்கி வந்தார்கள். அம்மா உடனே முழுக்கை ஜிப்பாவுக்குத் துணி எடுத்தார்கள். விரல்கள் தவிர ஒன்றும் வெளியே தெரியக்கூடாது. மணிக்கட்டில் பொத்தான், கழுத்துக்கு உயர்ந்த பட்டை, முகத்துக்குப் பவுடர். “மாப்பிள்ளை அவரா, நானா?” என்று கேட்டார்கள் அத்தா. தையல்காரர் சீக்கிரமே அளவெடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணத்துக்குள் வலது கை நரம்பு இன்னும் தடிக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இறுக்கமாக எதையும் அந்தக் கையில் போடாதீர்கள் என்று சிஸ்டர் சொன்னதை, வாட்சுக்கும் காப்புக்கும் சொன்னதாகவே நினைத்துக்கொண்டோம்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் மண்டபத்தின் மாடியில் இருந்தோம். மாடியின் கம்பிக் கிராதி வழியாகப் பார்த்தால் ஆண்கள் பந்தி முழுதாகத் தெரியும். அத்தா, சம்பந்தி மாமா, மாப்பிள்ளை, நாலாவதாக என் வீட்டுக்காரர். சகன் வந்தது. அத்தா கையைச் சோற்றருகே கொண்டுபோனார்கள். அப்படியே நிறுத்திவிட்டு, இடது கை விரலை வலது சட்டைக் கையின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். வீட்டில் அன்றாடம் பார்க்கும் செய்கை அது. ஆனால் முகம் அன்றாட முகமாக இல்லை.

“என்னடி செய்றாக?” என்றார்கள் அம்மா.

“சட்டை இறுக்குதும்மா. மோட்டார் நிக்கப் பாக்குது.”

எழுந்து தனியே போய்ச் சட்டையைக் கழற்றினால் சகனை விட்டு எழுந்ததாகிவிடும். அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டால், மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். பேசாமல் இருந்தால் கையே போய்விடும். அடுத்த கைக்கு வழியில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அத்தா பொத்தானைக் கழற்றினார்கள். சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்து ஓர் இழுப்பு இழுத்தார். அம்மா பார்த்துப் பார்த்துத் தைக்கக் கொடுத்த ஜிப்பா, தோள்வரை கிழிந்த சத்தம் மாடிவரை கேட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கறுத்த தோல், சொறிந்த வடுக்கள், ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரி, புடைத்து நெளிந்த நரம்பு, எல்லாம் வெளிச்சத்தில்.

கீழே பேசியதை என் வீட்டுக்காரர் பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“சம்பந்தி, நல்லாப் பாத்துக்கிருங்க. இதான் நான்” என்றார்கள் அத்தா. “கிட்னி போனவன் தோலு இப்படித்தான் ஆகும். ஒட்டாது. நரம்பு, டாக்டரு தச்சு விட்டது. சட்டை இறுக்குனா நின்னுபோகும், அதான் கிழிச்சோம். மறைக்கணும்னுதான் போட்டேன், முடியல. ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க, நான் தனித் தட்டு வாங்கிக்கிறேன். புள்ள மேல மட்டும் கோவப்படாதீக.”

சம்பந்தி மாமா கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகத் தன் கையை நீட்டி அந்த நரம்பின் மேல் வைத்தார்கள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள்.

“யா அல்லாஹ்” என்று அம்மா என் தோளைப் பிடித்த பிடி, மறுநாள்வரை வலித்தது. தங்கை கல்யாணப் பட்டோடு எங்கள் பின்னால் வந்து நின்றாள். எனக்குக் கீழே பார்க்கத் தைரியமில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன்.

“ஏ சம்பந்தி! உள்ள என்னத்தெ ஓட்டுறீக? எங்க டிராக்டரு கூட இம்புட்டு உறுமாது!” சம்பந்தி மாமா மறுபடியும் கையை வைத்தார்கள். இந்த முறை எடுக்கவில்லை. “ஏலே, இங்கன வா. கையை வச்சுப் பாரு. பயப்படாதலே, கடிக்காது” என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை தொட்டார். பக்கத்துச் சகனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். சோறு ஆறுகிறது என்று அத்தாவே சத்தம் போடும்வரை கூட்டம் கலையவில்லை.

சம்பந்தி மாமா கறியைப் பிய்த்து அத்தா பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். “சிஸ்டர் என்னைய வையும்” என்றார்கள் அத்தா. “எந்த சிஸ்டரு? போனைப் போடுங்க, நான் பேசிக்கிறேன்” என்றார்கள் மாமா. போன் போடவில்லை, போட்டிருந்தால் கமுதியிடம் ஆர்.எஸ்.மங்கலம் தோற்றிருக்கும். அம்மா கிராதியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஜிப்பாவுக்காகவும் கொஞ்சம் அழுதிருக்கலாம்.

அதற்குப் பிறகு அத்தா அரைக்கைச் சட்டைதான் போட்டார்கள். பழையபடி பந்திக்குப் போனார்கள், ஆள் சேர்த்தார்கள். தொடத் தயங்கியவர்களிடம் தாங்களாகவே கையை நீட்டினார்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டதால் அரிப்பும் பாதியாகக் குறைந்தது. பாட்டில் பிரஷ் மீண்டும் விற்பனைக்குப் போகவில்லை என்பதை வாடிக்கையாளர்கள் நிம்மதிக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடைசி வருடத்தில் நோய் கால் பக்கம் திரும்பியது. ரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, பாதத்துக்கு ரத்தம் போவது குறைந்தது. விரல் நுனியில் வந்த சின்னக் கொப்புளம் ஆறவே இல்லை. தொடையில் வலையைப் போல ஊதா நிறக் கோடுகள் ஓடின. அந்த வலி பொல்லாதது. வலியை அத்தா சிரித்துத் தாண்டினார்கள் என்று எழுத மாட்டேன். கத்தினார்கள், எங்களைத் திட்டினார்கள், பிறகு கூப்பிட்டு உட்கார வைத்து வேறு ஏதாவது பேசினார்கள். ஒரு விரலை எடுத்தார்கள். “செருப்பு சைஸு கொறஞ்சிருச்சு” என்று அதற்கும் ஒன்று சொன்னார்கள். ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், மருத்துவமனைக் கட்டிலில், அம்மாவின் கை நெஞ்சின் மேல் இருக்க, அத்தாவின் மூச்சு அடங்கியது.

அத்தாவைத் தம் தகப்பனைப்போல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், ஊசி குத்துமுன் மன்னிப்புக் கேட்ட டெக்னீஷியன்கள், திட்டியே ஆயுளைக் கூட்டிய சிஸ்டர், இராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைப் பிடித்துவைத்த கண்டக்டர், வார்டுத் தோழர்கள், ஜமாத்தார், அண்டை வீட்டார், சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் சலாமும் நன்றியும்.

இன்னும் ஒரு கூட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்டும் நேரம் வந்தபோது எனக்குள் பழைய பயம் திரும்ப வந்தது. உடம்பெல்லாம் வடு, காலில் ஆறாத புண். யார் தொடுவார்கள், யார் போன் வந்ததுபோல விலகுவார்கள்? தயங்குகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று ஒரு பெட்டி கையுறை வாங்கித் தம்பியிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். வெகுநேரம் கழித்துத் தம்பி சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தான். அவன் கையில் அந்தப் பெட்டி பிரிக்காமலே இருந்தது.

“உள்ள நிக்க எடமில்ல லாத்தா. ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டாக. இதை யாருமே கேக்கல” என்றான்.

அன்றைக்கு வெறுங்கையால் என் அத்தாவைத் தொட்டுக் குளிப்பாட்டிய ஒவ்வொருவருக்கும், இடமில்லாமல் வாசலில் நின்றவர்களுக்கும், என் ஆயுள் உள்ளவரை நான் துஆ செய்வேன்.